சொல்லிக்கொள்ளாமல்

"சாமி, என்னை விட்டுருங்க. இனி இந்த வேலை எனக்கு ஒத்து வராது."

உபதேசியார் சலேத் கோயில் சாவியை மேசைமேல் வைத்தார்.

பெரிய சனிக்கிழமை மத்தியானம். விடிந்தால் ஈஸ்டர். கோயிலுக்குள் பெண்கள் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். பங்குச்சாமி பெலிக்ஸ் பாஸ்கா மெழுகுதிரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உபதேசியாரின் மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"என்ன ஆச்சு?"

"இன்னைக்கு ராத்திரிப் பூசையில நீங்க கேப்பீங்க, உடலின் உயிர்ப்பை நம்புகிறீர்களான்னு. நான்தான் முதல்ல 'நம்புகிறேன்'னு சத்தமாச் சொல்லணும். அப்புறம்தான் சனங்க சொல்லும்."

"ஆமா. உங்க தொண்டைக்கு மைக்கே தேவையில்லையே."

"எனக்கு நம்பிக்கை இல்ல சாமி."

சொல்லிவிட்டார். ஊருக்கே ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த வாய் அது.

அவர் மனைவி இஞ்ஞாசி கார்த்திகை மழையில் செத்துப்போனாள். அடக்கத்துக்கு அவரே செபம் சொன்னார். ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை.

"குழியில இறக்குறப்போ பாத்தேன். தண்ணி ஊறிக் கிடந்துச்சு. அம்புட்டுத்தான் சாமி. அங்க மண்ணுதான் இருக்கு, ஆளு யாரும் இல்ல. இல்லாதவ எங்கிருந்து எந்திரிச்சு வருவா? பீடத்து முன்னால நின்னு என்னால பொய் சொல்ல முடியாது."

சாமி ஆறுதல் சொல்லவில்லை. வசனம் எதையும் எடுக்கவுமில்லை. உபதேசியாருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். எந்த வசனம் வந்தாலும் மடக்கப் பதில் தயார் செய்துகொண்டல்லவா வந்திருந்தார் மனுஷர்!

"சரி, போங்க," என்றார் சாமி. "ஒரு வேலை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

"சொல்லுங்க."

"கல்லறைத் தோட்டத்துக்குப் போயி, உங்க வீட்டம்மா குழி முன்னால நின்னு, 'நான் போறேன்'னு சொல்லுங்க. அது போதும்."

"வெறும் மண்ணு முன்னால நின்னா?"

"வெறும் மண்ணுதானே. சொல்றதுக்கு என்ன கஷ்டம்?"

உபதேசியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அந்த ஊரில் சாவு விழுந்த துட்டி வீட்டு முறைகளுக்கெல்லாம் சலேத்தான் காவல். துக்கம் கேட்க வந்தவர்கள் யாராவது வாய்தவறி 'போயிட்டு வாரேன்' என்றால் தொலைந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் வறுத்தெடுத்துவிடுவார். "துட்டி வீட்டுல சொல்லிக்கிடாமத்தான்யா கிளம்பணும்! மறுபடியும் இதே மாதிரி வரணும்னு ஆசையா உனக்கு?"

கல்லறைத் தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

இஞ்ஞாசியின் சிலுவை கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தி வைத்தார். புல்லைப் பிடுங்கினார். அப்புறம் நேராக நின்று தொண்டையைச் செருமினார்.

"நான் போ…"

வரவில்லை.

இதென்னடா வம்பு என்று மறுபடியும் செருமினார். மறுபடியும் வரவில்லை.

கல்யாணம் ஆனதிலிருந்து அவளிடம் ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை. சொல்லத்தான் விடுவாளா? முக்குக் கடைக்கு வெற்றிலை வாங்கப் போகும்போது 'போறேன்' என்றாலும் போதும், கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்துவிடுவாள். "போயிட்டு வாரேன்னு சொல்லும்! சொன்னா என்ன, நாக்கு தேஞ்சா போகும்?"

"பாவி மக," என்றார் உபதேசியார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அடக்கத்தன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

கோயிலுக்குத் திரும்பியபோது முகம் வீங்கியிருந்தது. சாவி வைத்த இடத்திலேயே கிடந்தது.

"சொல்லிட்டீங்களா?" என்றார் சாமி.

"சொன்னேன்."

"'போறேன்'னா?"

உபதேசியார் தரையைப் பார்த்தார். "அது வாயில வரல சாமி."

"பின்ன என்ன சொன்னீங்க?"

"போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"கல்லறையிலயா? உபதேசியாரா இப்படி!"

"வந்துருச்சு சாமி. என்ன செய்யச் சொல்றீங்க?"

சாமி மெழுகுதிரியைக் கீழே வைத்தார்.

"யாருகிட்ட?"

உபதேசியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நொந்து வந்திருக்கிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது?

"யாருகிட்டயா? நல்லாக் கேட்டீங்க போங்க! இஞ்ஞாசிகிட்டத்தான்! அங்க வேற யாரு இருக்கா?"

கோயில் முழுக்கக் கேட்டது. பூ கட்டிய பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

உபதேசியார் திறந்த வாய் மூடாமல் நின்றார்.