பூஜ்யம் கிலோ பூலோகபாண்டி

எங்கள் கொத்தளம்பட்டி கபடி அணி தோற்ற கதைகளைக் கேட்க வேண்டுமானால் பக்கத்து ஊர்களில் போய்க் கேளுங்கள். எங்களைவிட அவர்கள் ரசித்துச் சொல்வார்கள். இது ஆட்டம் தொடங்கும் முன்பே நாங்கள் தோற்ற கதை. அணித் தலைவன் நான் என்பதால் நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அது அறுபது கிலோவுக்குள் இருப்பவர்கள் ஆடும் போட்டி. எங்கள் அணியில் கபடி தெரிந்தவன் பூலோகபாண்டி ஒருவன்தான். மற்றவர்கள் அவன் பாடிப் போகும்போது கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கை தட்டுவார்கள். எனக்குக் கை தட்டவும் சரியாக வராது என்பதால் தலைவன் ஆக்கிவிட்டார்கள். பாண்டி ஆடாவிட்டால் அவனுக்குப் பதிலாக நான் இறங்க வேண்டும். நான் கடைசியாகப் பாடிப் போனபோது கண்ணை மூடிக்கொண்டு ஓடியதில் எதிரணியைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். ஆகவே பாண்டி ஆட வேண்டும் என்று ஊரே விரும்பியது. நான் வேண்டிக்கொள்ளவே செய்தேன்.

பத்து நாளாக அவனுக்குப் பலம் ஏற்றினோம். காலையில் ஆறு முட்டை, மதியம் ஆட்டுக்கறி, சாயங்காலம் அதன் மிச்சம். போட்டியன்று காலையில் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தால் முள் அறுபத்திரண்டரையில் போய் நின்றது.

எடை பார்க்க வந்தவர் ஆசீர்வாதம் சார். கண்டிப்பானவர், கண்ணால் காணாததை எழுதமாட்டார். மற்ற எல்லோருடைய எடையையும் எழுதி முடித்துவிட்டு, பாண்டிக்கு மட்டும் மாலை நாலு மணி வரை நேரம் கொடுத்தார். மெஷினையும் எங்களிடமே விட்டுச் சாப்பிடப் போனார்.

"மெஷினக் கீழ போட்டுராதீங்க. நாலு மணிக்கு முள்ளு என்ன காட்டுதோ அதத்தான் எழுதுவேன்" என்றார். இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

முதலில் பாண்டிக்கு மொட்டை போட்டோம். நூறு கிராம் குறைந்தது. புருவத்தையும் எடுத்தோம். முள் அசையவில்லை, முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. கண்மாயைச் சுற்றி ஓடவிட்டோம். ஓடி முடித்தவன் தாகம் தாங்காமல் நாலு செம்பு தண்ணீர் குடித்தான். முள் அறுபத்து மூன்றைத் தாண்டியது.

அப்போதுதான் எங்களில் ஒருவனான தளவாய் தொண்டையைச் செருமினான். பிளஸ் டூ பிசிக்ஸ் பரீட்சையை மூன்று முறை எழுதியவன். ஒருமுறை எழுதித் தேறியவனைவிட அவனுக்கு மூன்று மடங்கு தெரியும் என்பது எங்கள் கணக்கு.

"தரை நம்மளத் தாங்குதுல்லா, அந்தத் தாங்கலத்தான் முள்ளு காட்டுது. ஆளும் மெஷினும் சேந்தே விழுந்தா யாரு யாரத் தாங்க? முள்ளு பூஜ்யத்துல நிக்கும். ஆனா பூமி இழுக்குறது இழுத்துக்கிட்டேதான் இருக்கும். எடை எங்கயும் போயிராது" என்றான்.

பூஜ்யம் என்ற சொல்லோடு நாங்கள் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

உடனே ஆலோசனை நடந்தது. மெஷினைக் கீழே போடக்கூடாது என்று சார் சொல்லியிருந்தாரே என்றான் ஒருவன். தனியாகப் போட்டால்தானே குற்றம், ஆளோடு போட்டால் அது பயணம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அவனிடமிருந்து போகிற அறுபத்து மூன்று கிலோவும் யார் மேலாவது ஏறிவிடாதா என்று இன்னொருவன் கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு நியாயமாகப் பட்டதால் பத்தடி தள்ளி நின்றுகொண்டேன்.

பம்ப்செட் அறையின் மேல் பாண்டியை ஏற்றி, மெஷினை அவன் பாதங்களில் துண்டால் தளர்வாகக் கட்டினோம். கீழே ஆளுயரத்துக்கு வைக்கோல் பரப்பினோம். குதித்தான். மேலே இருந்தவர்களுக்கு மொட்டைத்தலைதான் தெரிந்தது. கீழே இருந்தவர்களுக்கு மெஷினின் அடிப்பக்கம் தெரிந்தது. பாண்டி கண்ணை மூடியிருந்தானாம். பார்க்கிறவனும் கூடவே விழ வேண்டும் என்று தளவாய் கண்டுபிடித்து, அடுத்த முறை அவனும் சேர்ந்து குதித்தான். வாயெல்லாம் வைக்கோலாக எழுந்து, பூஜ்யம் என்றான். நாங்கள் கட்டிப் பிடித்து அழுதோம். தளவாய்தான் கொஞ்சம் அதிகமாக அழுதான், அவன் பிசிக்ஸில் சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாலு மணிக்கு சார் வந்தார். தன் மெஷின் கூரைமேல் ஒருவன் காலில் கட்டியிருப்பதைக் கண்டதும் ஏணியில் ஏறிவிட்டார். மெஷினை நாங்கள் போடவே இல்லை, பாண்டிதான் அதன்மேல் நின்று கூட்டிப் போகிறான் என்று பணிவாக விளக்கினேன். அவர் மெஷினை அவிழ்க்கக் குனிந்து துண்டின் முடிச்சுக்குள் கையை விட்டார்.

"சார், முள்ளு தெரியுதா?" என்று கேட்டான் பாண்டி.

"தெரியுதுலே" என்றார் சார்.

பாண்டி குதித்தான்.

வைக்கோலில் இருந்து முதலில் மெஷின் வந்தது, முள் இல்லாமல். பிறகு பாண்டி. கடைசியில் சார், கண்ணாடி இல்லாமல். கண்ணாடியைத் தேடித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் நோட்டைத் திறந்தார். நேர்மையான மனிதர்.

"நான் பாத்தப்ப முள்ளு பூஜ்யத்துல நின்னுது" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அவர் எழுதிக்கொண்டே தொடர்ந்தார். "இருவது வருசமா எடை பாக்குறேன். மெஷின்ல யாரும் ஏறலன்னாத்தான் பூஜ்யம் காட்டும். பூலோகபாண்டி, எடை பார்க்க வரவில்லை."

கூடிப் பேசிப் பார்த்தோம். மெஷின் பொய் சொல்லாது, சாரும் பொய் எழுதமாட்டார். எல்லாரையும்விடக் கோபப்பட்டவன் பாண்டிதான். பத்து நாள் முட்டையும் கறியும் தின்றுவிட்டு இன்றைக்குப் பார்த்து வராமல் இருந்துவிட்டானே என்று பல்லைக் கடித்தான்.

ஆகவே நான் இறங்கினேன். முதல் தடவை பாடிப் போனதிலேயே பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே கூட்டம் போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்ததற்காகப் பூலோகபாண்டியை ஒரு வருடம் அணியிலிருந்து நீக்கினோம். தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் பாண்டி. நான் வழிமொழிந்தேன். நீக்கல் கடிதத்தை நேரில் கொடுக்கும் பொறுப்பையும் பாண்டியே கேட்டு வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான்.

கொஞ்ச நேரத்தில் கடிதத்தோடு திரும்பி வந்துவிட்டான். வீட்டில் ஆள் இல்லையாம்.