மிராசுதார் வயிறும் அவர் வீட்டுப் பசுவும்

விளக்கணைத்த பிறகு அந்தப் பெரிய வீட்டில் கடமுடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. காலி அண்டாவை யாரோ உருட்டுகிறார்கள் என்று விருந்தாளிகள் எழுந்து தேடினார்கள். சத்தம் வந்ததோ மிராசுதார் பொன்னம்பலத்தின் வயிற்றிலிருந்து.

கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று பெருமையடிப்பவர் அவர். மானம் போய்விட்டதே. விடிந்ததும் சமையற்காரி செங்கமலத்தை ஊர் முன்னால் நிறுத்தினார்.

"சாப்பாட்டுல என்னடி கலந்தே? கலக்கலைன்னு நிரூபி. இல்லேன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு இப்பவே வெளியே போ."

இடுப்பில் கைக்குழந்தை, போக்கிடமும் கிடையாது. ஆனாலும் செங்கமலம் அசரவில்லை.

"சரிங்கய்யா. இன்னைக்கு நான் சமைச்சதைத் தொடாதீங்க. ராத்திரி குடிச்ச மாதிரியே ஒரு செம்புப் பால் மட்டும், உங்க கையாலேயே கறந்து காய்ச்சிக் குடிங்க. வயிறு சும்மா இருந்தா நான்தான் குத்தவாளி."

"என் பசுவோட பால் அமிர்தம்டி" என்று கறந்து, காய்ச்சி, ஒரே மூச்சில் குடித்தார். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. வெயில் ஏறியது. கடமுட, கடமுட!

"கலந்தது யாருங்கய்யா, நானா பசுவா?" என்றாள் செங்கமலம். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான். சில வயித்துக்குப் பால் செரிக்காதுங்க. மோராக்கிக் குடிச்சா தாங்கும்."

"அப்ப பசுவை வேலையை விட்டு நிறுத்திடலாமா மாமா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

மிராசுதார் வாயைத் திறந்தார். பதில் வயிற்றிலிருந்து வந்தது.

"நீ இங்கேயே இரு தாயி" என்று சொல்லி முடிப்பதற்குள் வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். கக்கூஸ் கதவை உள்ளேயிருந்து தாழ்போடும் சத்தம் ஊருக்கே கேட்டது.