கொடி போர்த்திய பெட்டி

கேள்வி கேட்பதில், கோயிலில் ஞானப் பாடம் சொல்லித்தரும் உபதேசியார் சூசைமிக்கேலை அந்த உப்பள ஊரில் யாரும் மிஞ்ச முடியாது. பங்குசாமி லியோனைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். ஆனாலும் ஞானக் காரியம் என்று வந்துவிட்டால் சாமிதான் குரு, தாம் சீடர் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. சந்தேகமெல்லாம் மற்றவர்கள் மேல்தான்.

அன்று காலையில் கேட்டார்: "சாமி, ஒருத்தன் கிறிஸ்துவுக்கும் ஆளா இருந்துக்கிட்டு, கட்சிக்கும் ஆளா இருக்க முடியுமா?"

"யாரை மனசுல வச்சுக் கேக்கிறீங்க?"

"தொபியாசைத்தான்."

தொபியாஸ் முந்தின நாள் இறந்துபோயிருந்தார். உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர், செங்கொடிக் கட்சிக்காரர். உபதேசியாரோ எதிர்க் கட்சியின் கிளைச் செயலாளர். போன தேர்தலில் ஊர் இரண்டுபட்டபோது டீக்கடைகூட இரண்டாகிவிட்டது. அதிலிருந்து நாலு வருஷமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"பெட்டி வரட்டும், பாப்போம்" என்றார் சாமி.

பெட்டி பத்து மணிக்கு வந்தது. மேலே செங்கொடி போர்த்தியிருந்தது.

உபதேசியார் கோயில் வாசலை மறித்து நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் அவர் கட்சிக்காரர்கள் இருபது பேர்.

"கொடியை எடுத்துட்டு உள்ள வாங்க. இது கோயிலு, பொதுக்கூட்ட மேடை இல்ல."

"எடுக்க மாட்டோம்" என்றார் சங்கச் செயலாளர் முத்துவேல். "உள்ள விடலேன்னா சொல்லிடுங்க, பூசையே வேண்டாம். பொதுச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போறோம்."

தொபியாசின் மனைவி செசீலி பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்தில், சின்ன வயதில் இறந்துபோன மகனுக்குப் பக்கத்தில், குழி வெட்டியாகிவிட்டது. அந்த இடத்தைத்தான் மனுஷன் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் ஒரு பக்கத்தையும் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற ஆளும் இல்லை.

சத்தம் கேட்டு, பூசை உடுப்போடு சாமி வாசலுக்கு வந்தார். இரண்டு பக்கத்தையும் கேட்டார்.

"உபதேசியார் சொல்றது சரிதான். கட்சி அடையாளத்தோட யாரும் வாசப்படி தாண்ட வேண்டாம்."

சூசைமிக்கேலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முத்துவேலுக்கு முகம் சிவந்தது.

"அப்ப நீங்களே ஆரம்பிச்சு வைங்க, உபதேசியாரே" என்றார் சாமி.

"நானா? நான் என்ன சாமி…"

சாமி அவர் இடுப்புக்குக் கீழே பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். கடைசியாகத்தான் உபதேசியார் பார்த்தார்.

கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கட்சிக் கரை பளிச்சென்று ஓடியது. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கரை வேட்டியோடுதான் பீடமேறி வேத வாசகம் வாசித்துவந்தார். அது கட்சி என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை. வேட்டி என்றுதான் நினைத்திருந்தார், பாவம்.

சங்கத்துக்காரர்களில் யாரோ சிரித்தார்கள். அவர் கட்சிக்காரர்களிலும் ஒருவன் சிரித்துவிட்டான். செசீலி மட்டும் சிரிக்கவில்லை.

உபதேசியாருக்குக் காது சுட்டது. விறுவிறுவென்று உடுப்பு அறைக்குப் போனார். கோபித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவருக்கும் அந்த எண்ணம் வந்தது. ஆனால் ஆணியில் தொங்கிய வெள்ளை அங்கியை எடுத்து, வேட்டிக்கு மேலே கணுக்கால் மறைய மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். நேரே பெட்டியண்டை போனார்.

"தங்கச்சி, கொடியை நீ எடுக்கியா, நான் எடுக்கட்டுமா?"

செசீலி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தக் கொடிக்காவ மூணு மாசம் செயில்ல கிடந்தாவ, அண்ணே. அங்கயும் ஒரு நாள் செபமாலையை விட்டதில்ல. கட்சிக்காரங்க கேலி பண்ணுனாங்க, கோயில்காரங்க ஏசுனாங்க. ரெண்டுல எதையும் அவுக யாருக்கும் ஒளிக்கல."

"தெரியும்மா" என்றார் உபதேசியார். "எனக்குத் தெரியும்."

"அப்ப ரெண்டு பேருமா எடுப்போம்."

இந்த ஓரத்தை அவளும் அந்த ஓரத்தை அவரும் பிடித்தார்கள். தரையில் படாமல் நாலாக மடித்தார்கள். முத்துவேல் கையை உயர்த்தி வீரவணக்கம் சொன்னார். சங்கமே திருப்பிச் சொன்னது. யாரும் தடுக்கவில்லை.

செசீலி மடித்த கொடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ராணி மாதிரி தலை நிமிர்ந்து, வாசப்படி தாண்டிக் கோயிலுக்குள் நடந்தாள்.

உபதேசியார் பதறிப்போனார்.

"சாமி! கொடி உள்ளதான போவுது?"

"ஒங்க வேட்டியும் அங்கிக்கு உள்ளதான இருக்கு, உபதேசியாரே" என்றார் சாமி.

சூசைமிக்கேல் பெட்டியின் தலைமாட்டுக்குப் போய், முத்துவேலுக்குப் பக்கத்தில் தோள் கொடுத்தார்.