நிற்கிற காருக்கு ஒரு கவர்

“மூணு வருஷத்துல மூணு கவர் மாத்தியாச்சும்மா. மூணும் சேர்ந்து என் காரைத் தின்னுட்டு,” என்றார் ஆவுடையப்பன்.

பவளக்கொடி தையல் மிஷினை நிறுத்தவில்லை. லாரித் தார்ப்பாய் ஒன்று அவள் மடியில் தொடங்கி வாசல்படி தாண்டித் தெருவில் கிடந்தது.

அம்பாசமுத்திரத்து லாரிக்காரர்கள் அவளை மரியாதையாகக் ‘குருவம்மா’ என்பார்கள். வயது என்னவோ முப்பத்திரண்டுதான். கவர் கேட்டு வருகிறவர்களிடம் அவள் முதலில் கேள்வி கேட்பாள். பதில் சரியில்லை என்றால் தைக்க மாட்டாள். திட்டிக்கொண்டே போகிறவர்கள் மறுவாரம் திரும்பி வந்து நிற்பார்கள்.

ஆவுடையப்பன் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் முன்னால் ஆட்கள் நின்றுதான் பழக்கம். தானே போய் ஒரு கடை வாசலில் நின்று பழக்கமில்லை. ஆனாலும் நின்றார். மெக்கானிக் யாக்கோபு அப்படிச் சொல்லியிருந்தான்.

“இன்னும் ஒரு மழைக்காலம் இப்படியே போச்சுன்னா கதவு கையோட வந்துரும் சார். பொறவு எடைக்குத்தான் போடணும்.”

ஐப்பசி மழைக்குப் பத்து நாள்தான் இருந்தது.

“என்ன காரு?”

“ஃபியட். அறுபத்தெட்டாம் வருஷம். கரும்பச்சை. கம்பெனி அடிச்ச பெயிண்ட் இன்னும் அப்படியே இருந்துச்சு. இப்ப அங்கங்க கொப்புளம் கொப்புளமா.”

“ஓடுதா?”

“கண்ணுல கோளாறுன்னு டாக்டர் என்னை ஓட்டக்கூடாதுன்னுட்டாரு. மூணு வருஷமா ஷெட்டுல நிக்கி. ஒரு இஞ்ச் அசையல.”

பவளக்கொடி மிஷினை நிறுத்தினாள். ஒரு பாலிதீன் பையை எடுத்து அவர் வலது கையில் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டாள்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

மாஜி தாசில்தார் கையில் பையோடு தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். டீ வாங்கப் போன பஸ் கண்டக்டர் ஒருவர் நின்று பார்த்தார்.

“என்ன சார், கையைப் பார்சல் கட்டியாச்சா?”

பத்து நிமிஷத்தில் பைக்குள் வேர்த்து, விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிவிட்டது.

“இதுதான் உங்க முத கவர்,” என்றாள் பவளக்கொடி. பையைக் கழற்றிக் கையைத் துடைத்துவிட்டு, பழைய பருத்தித் துணி ஒன்றைச் சுற்றினாள். இன்னொரு பத்து நிமிஷம். கை காய்ந்தே இருந்தது.

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். “ஆக, பருத்தி! இதை முதல்லயே வாயால சொல்லியிருக்கலாமே. பருத்தியிலயே தைச்சிருங்க.”

“இருங்க.”

அதே கையைத் தண்ணீர் வாளிக்குள் முக்கி எடுத்தாள். சொட்டச் சொட்ட அதே துணியைச் சுற்றினாள். இந்த முறை துணி தோலோடு ஒட்டிக்கொண்டு, கை ஊறிப்போயிற்று.

“குளிப்பாட்டுன பிள்ளையைத் துவட்டாமத் துணி சுத்துனா, பட்டுன்னாலும் சளிதான் பிடிக்கும் அண்ணாச்சி.”

“நான் ஈரத்தோட மூடலையே!”

“மூடலையா?”

“வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்குத் திறப்பேன். கழுவுவேன், துடைப்பேன், காத்துல காய விடுவேன். சாமி கும்பிட்டு மூடுவேன். பொறவு என் கை படாது.”

பவளக்கொடி அவர் கையிலிருந்த ஈரத் துணியை அவிழ்த்தாள். பிறகு தார்ப்பாயை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நீங்க சொல்லுத காருக்கு நான் தைக்க முடியாது.”

“ஏன்?”

“அது வேர்க்காது. அதுக்கு எதைப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. பழைய பெட்ஷீட்டே போதும்.”

“கொப்புளம் வந்திருக்கேம்மா!”

“அது வேற காரா இருக்கும்.”

மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆவுடையப்பன் கோபத்தோடு வீட்டுக்குப் போனார். என்னையே கேலி பண்ணுதாளா என்று மனைவி உலகம்மாளிடம் புலம்பினார். உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “விடுங்க, கடையில ரெடிமேடா ஒண்ணு வாங்கிப் போடுவோம்,” என்று மட்டும் சொன்னார்.

மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் மேற்கே மலையில் மேகம் கறுப்பாகத் திரண்டது. செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் கிளம்பினார்.

“நீயே வந்து பாரும்மா. வேற காரா, என் காரான்னு.”

பவளக்கொடி டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கூடவே வந்தாள்.

ஷெட்டில் கார் வெள்ளி நிறக் கவருக்குள் நின்றது. அவர் கவரை உருவப் போனார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தரையில் குத்த வைத்து உட்கார்ந்தாள். கவரின் அடி ஓரத்தை மட்டும் தூக்கி டயரைப் பார்த்தாள். எழுந்து சுற்றி வந்து மற்ற மூன்றையும் பார்த்தாள்.

“போன வாரம்தான ஆயுத பூஜை. எலுமிச்சம்பழம் வச்சியளா?”

“வைக்காமலா? நாலு டயருக்கும் நாலு வச்சேன்.”

“மேல ஏத்தி நசுக்குனியளா?”

“எப்படி நசுக்க? நான்தான் ஓட்டக் கூடாதே. வச்சேன், சூடம் காட்டினேன், மூடிட்டேன்.”

“குனிஞ்சு பாருங்க.”

மூட்டு வலியோடு குனிந்தார். முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் இல்லை. தரையோடு தரையாக ஒரு மஞ்சள் தோல் ஒட்டியிருந்தது. விதைகளைச் சுற்றி எறும்பு.

“எலியா இருக்கும்,” என்றார்.

“எலி நாலு பழத்தையும் ஒரே மாதிரித் தோசைக்கல்லுல இட்டாப்ல தேச்சு வைக்குமா அண்ணாச்சி?”

அவர் வாயைத் திறக்கும் முன்பு உலகம்மாள் இரண்டு டம்ளர் காப்பியோடு ஷெட்டுக்குள் வந்தார்.

பவளக்கொடி காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

“நல்லா இருக்கு மதினி. ஏன் மதினி, இந்தக் கவரைத் தனி ஆளா இழுத்து மூட எவ்வளவு நேரம் ஆகும்?”

“பாழாப்போன கவரு, ஏழெட்டு நிமிஷம் ஆயிருது. அந்தக் கண்ணாடியில மாட்டிக்கிட்டு வரவே…”

உலகம்மாள் நிறுத்தினார்.

“எப்ப?” என்றார் ஆவுடையப்பன்.

“புதன்கிழமை. நீங்க பென்ஷனர் சங்கத்துக்குப் போவீங்கல்லா, அப்ப.”

“எங்க?”

“கல்லிடைக்குறிச்சிப் பாலம் வரைக்கும். போயிட்டுத் திரும்பிருவேன்.”

“லைசென்ஸு?”

“எண்பத்தொன்பதுல நீங்கதான எடுத்துக் குடுத்திய. அதோட ஒரு தடவகூட ஓட்டுத சீட்டை விட்டு எந்திரிக்கல நீங்க. நான்தான் விடாமப் புதுப்பிச்சிட்டு வாரேன்.”

“மழையிலயுமா ஓட்டுன?”

“மழையிலதான் நல்லா இருக்கும்.” உலகம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னார். “வைப்பர்தான் கொஞ்சம் இழுக்கு.”

“பழம்?”

“நசுக்காம விட்டா பூஜை முடிஞ்ச மாதிரியா?”

பவளக்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள். “வந்து நிறுத்துன உடனே மூடாதீங்க மதினி. ஈரத்தைத் துடைச்சிட்டு, சூடு ஆறுன பொறவு மூடணும்.”

“ஆறுததுக்குள்ள இவங்க வந்துருவாங்களே.”

ஆவுடையப்பன் கையை நீட்டினார். “சாவியைக் கொண்டா.”

உலகம்மாள் உள்ளே போய் எடுத்து வந்தார். கொடுத்தார். ஆவுடையப்பன் சாவியைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

“இப்ப சொல்லுங்க அண்ணாச்சி,” என்றாள் பவளக்கொடி. “காரு இனிமே நிக்கவா, ஓடவா? சொன்னாத்தான் நான் துணி எடுக்க முடியும்.”

“நிக்க வச்சா?”

“கெட்டித் துணி. சுத்திக் கயிறு போட்டு இறுக்கிருவேன். யாராலயும் சட்டுன்னு அவுக்க முடியாது. கொப்புளமும் வராது. நீங்க கேட்டு வந்தது அதுதான்.”

ஆவுடையப்பன் கவரை விலக்கினார். ஓட்டுகிற பக்கத்துக் கதவில் கரும்பச்சை உப்பி வெடித்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். சீட் முன்னால் தள்ளிப் போட்டிருந்தது. தலையணை ஒன்று முதுகுக்கு. பூஜையன்று அது காரில் இல்லை; வீட்டிலும் காணாமல் போய் ஒரு வருஷம் இருக்கும்.

வெளியே தகரத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. உலகம்மாள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போகத் திரும்பினார்.

“நில்லு,” என்றார் ஆவுடையப்பன்.

சாவியை பானெட்டின் மேல் வைத்தார்.

“ஓடுத காருக்கு என்ன அளவும்மா?”

பவளக்கொடி இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து அதன் நுனியை அவரிடம் கொடுத்தாள். அவர் பழக்கத்தில் காரின் முன்பக்கம் நடந்தார்.

“அங்க இல்ல அண்ணாச்சி. இழுத்து மூடுத கைக்குத்தான் முத அளவு.”

திரும்பிப் பார்த்தார். பவளக்கொடி உலகம்மாளின் கையிலிருந்து டம்ளர்களை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, உலகம்மாளின் வலது தோளில் டேப்பை வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆவுடையப்பன் நுனியை எடுத்துக்கொண்டு வந்து மனைவியின் நடுவிரலில் வைத்தார்.

“நல்லா நீட்டு,” என்றார்.