கைக்கு ஒரு நோட்டீஸ்

ஆவுடையூர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. தேய்ந்துவிடப் போகிறதே என்று எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் பூவராகன் என்று ஒரு பேச்சாளர். 'சொல்லருவி' என்ற பட்டத்தைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டவர். அருவி கொட்டுவதற்குத்தான் மேடை கிடைக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி அம்மன் திருவிழாவில் ஓர் இடம் வாங்கிவிட்டார். கமிட்டித் தலைவர் மாசிலாமணி கறாராகச் சொன்னார்: "முதல் ரெண்டு நாள் கொஞ்ச நேரம் பேசும். கைதட்டுல பந்தல் அதிரணும். அதிர்ந்தா கடைசி நாள் பெரிய மேடை உமக்குத்தான். இல்லைன்னா இந்த ஊர்ல இனி மைக்கைத் தொடக் கூடாது."

பூவராகனுக்குச் சோறு இறங்கவில்லை. அச்சாபீஸ் இருதயராஜிடம் ஓடினார்.

"நோட்டீஸ் அடிச்சுருவோம் ஐயா. உம்ம படம், பட்டம், பேசுற தலைப்பு எல்லாம் போட்டுருவோம். பந்தல்ல ஒரு கை விடாம போய்ச் சேரணும். வீடு போற வரைக்கும் யாரும் கீழ போட்டுரக் கூடாது. அப்பத்தான் நாலு ஊர்ல கூப்பிடுவாங்க" என்றார் இருதயராஜ்.

விநியோகம் பூவராகனின் சிஷ்யர்கள் சிங்காரம், அய்யாத்துரை பொறுப்பு. இரண்டு பேரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"ஒரு கை விடக் கூடாதாம். மனுஷனுக்கு எத்தனை கை?" என்று கேட்டான் சிங்காரம்.

அய்யாத்துரை அவசரப்படவில்லை. தன் கைகளைப் பார்த்தான். சிங்காரத்தின் கைகளையும் சரிபார்த்தான். "எனக்கு ரெண்டு, உனக்கு ரெண்டு. மத்தவங்களுக்கும் அநேகமா அப்படித்தான் இருக்கும்."

ஆளுக்கு இரண்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். கையை விட்டு விடவே கூடாது என்று எச்சரிக்கவும் செய்தார்கள்.

முதல் நாள் பூவராகன் பொழிந்து தள்ளினார். முடித்துவிட்டுக் கைதட்டலுக்காகக் கண்ணை மூடி நின்றார். ஒரு சத்தமும் இல்லை. ஜனங்கள் இரண்டு கையிலும் நோட்டீஸை ஏந்திக்கொண்டு வெகு பொறுப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பாவம், மனிதர் மேடைக்குப் பின்னால் போய் அழுதேவிட்டார்.

"அழாதீங்கண்ணே. நோட்டீஸும் கையில இருக்கணும், கையும் தட்டணும். அதானே?" என்றான் சிங்காரம்.

"பிடிச்சாத் தட்ட முடியாது. தட்டினா பிடிக்க முடியாது" என்றான் அய்யாத்துரை.

"பிடிக்க வேண்டாம். ஒட்டிருவோம்!"

சிங்காரம் முன்பு சினிமா போஸ்டர் ஒட்டியவன். தொழில் தெரியும். அண்டாவில் மைதாப் பசை காய்ச்சினான். "கீழ ஒரு பூச்சு, மேல ஒரு பூச்சு. அப்பத்தான் மழைக்கும் நிக்கும்" என்றான்.

கோயில் பந்தலில் யார் எதைக் கொண்டுவந்தாலும் கையை நீட்டுவது நம் வழக்கம். மறுநாள் அண்டாவைப் பார்த்ததும் எல்லாரும் உள்ளங்கையை நீட்டினார்கள். இரண்டு உள்ளங்கையிலும் பசை, நோட்டீஸ், அதன் மேல் மறுபடியும் பசை. பிரசாதம் ஏன் காகிதமாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

பேச்சு முடிந்ததும் சிஷ்யர்கள், "தட்டுங்க!" என்று கத்தினார்கள். மொத்தப் பந்தலும் ஒரே ஒரு தட்டு தட்டியது. அந்த ஒன்றோடு சரி. சேர்ந்த கை பிரியவில்லை.

சத்தம் கேட்டு மாசிலாமணி ஓடிவந்தார். பந்தல் முழுக்க ஜனங்கள் எழுந்து, கை கூப்பி, கண் கலங்கி நிற்கிறார்கள். அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மைக்கைப் பிடுங்கினார்.

"கடைசி நாள் மட்டுமில்ல, இனிமே வருஷா வருஷம் இவர்தான் பேசுவார்! யாருக்காவது ஆட்சேபணை இருந்தா கையைத் தூக்குங்க!"

ஆட்சேபணை எல்லாருக்கும் இருந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் தலைவர் கையைத் தூக்கத்தானே சொன்னார்? மொத்த ஜனமும் கூப்பிய கையைத் தலைக்கு மேல் தூக்கியது.

"அம்மனைக்கூட இப்படிக் கும்பிட்டதில்லையே!" என்று விம்மினார் மாசிலாமணி. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிஷ்யர்களிடம் ஓடி, இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினார்.

"எனக்கும் ரெண்டு குடுங்கப்பா."