டைரக்டரம்மாவா?

நகரக் கலையரங்கத்தில் இருபது வருஷமாக டைரக்டராக இருந்த சௌந்தரவல்லி ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்கு வந்தவர், அவரிடமே வேலை பழகிய அருமைநாயகம். பழகினார் என்றால் கொஞ்சநஞ்சமில்லை. அந்தம்மா தும்மினால்கூட ஏன் தும்மினார் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள்.

பிரிவுபசார மாலையை அந்தம்மா கழற்றுவதற்குள் அருமைநாயகம் கேட்டுவிட்டார்.

"அம்மா, ஏதாவது சிக்கல்னா போன் பண்ணலாமா?"

"தாராளமா பண்ணுங்க."

அப்பாடா என்றிருந்தது அருமைநாயகத்துக்கு.

அடுத்த மாதமே சிக்கல் வந்தது. ஆறு மணிக்கு வில்லுப்பாட்டு. அரங்கம் நிறைந்துவிட்டது, தலைமை விருந்தினரைக் காணோம். வரவேண்டியவர் துறையின் பெரிய அதிகாரி. அருமைநாயகத்தின் பதவி இன்னும் தற்காலிகம்தான். அதை நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே.

ஆறரை ஆனது. பின்வரிசையில் விசில் கிளம்பியது. ஒருவர் எழுந்து, "சும்மா உட்கார்ந்திருக்கவா வந்தோம்?" என்று சத்தம் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"சார், ஆரம்பிக்கவா?" மேடையிலிருந்து பாட்டுக்காரம்மா கேட்டார்.

"ஒரு நிமிஷம்."

மேடை ஓரமாகப் போய் நின்று போனை எடுத்தார்.

"டைரக்டரம்மாவா?"

"ராங் நம்பர்ங்க."

போன் வைக்கப்பட்டது. சந்தேகமே இல்லை, அந்தம்மா குரல்தான். குரலுக்குப் பின்னால் இதே விசில் வேறு கேட்டது.

அருமைநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கேயே உட்கார்ந்துகொண்டு ராங் நம்பராமே! கூட்டத்தில் கண்ணை ஓட்டித் தேடினார். கிளம்பியவர்கள் அதற்குள் வாசலை நெருங்கியிருந்தார்கள். தேடுவதை விட்டுவிட்டு மேடைப் பக்கம் திரும்பினார்.

"ஆரம்பிங்கம்மா."

வில்லில் முதல் அடி விழுந்தது. வாசலில் நின்றவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

பாதிப் பாட்டில் அதிகாரி வந்தார்.

"யாரைக் கேட்டு ஆரம்பிச்சீங்க?"

"யாரையும் கேக்கல சார். நான்தான் ஆரம்பிக்கச் சொன்னேன்."

மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் காரேறிப் போய்விட்டார். கையெழுத்து விழுமோ விழாதோ, யார் கண்டது? ஆனால் அருமைநாயகம் இந்த முறை போனைத் தொடவே இல்லை.

கூட்டம் கலைந்தபோது எட்டாவது வரிசையிலிருந்து சௌந்தரவல்லி எழுந்து வந்தார்.

"இது நியாயமாம்மா? என் வேலையே போயிருக்கும். தாராளமா போன் பண்ணுங்கன்னு சொன்னீங்க. பண்ணினா ராங் நம்பர்ங்கறீங்க!"

"பண்ணினீங்க, சரி. எடுத்ததும் யாரைக் கேட்டீங்க?"

"டைரக்டரம்மாவைத்தான்..."

அருமைநாயகம் பாதியில் நிறுத்தினார்.

"டைரக்டர் அந்நேரம் மேடை ஓரத்துல நின்னு யாருக்கோ போன் பண்ணிட்டிருந்தாரே," என்றார் சௌந்தரவல்லி.