செபஸ்தி இருந்த வீடு

கோடை சீசன் தொடங்கிய வாரம் அது. கொடைக்கானலில் லாட்ஜ் நடத்தும் அய்யாத்துரை, ஊருக்கு வெளியே இருந்த பூரணியம்மாவின் குடிலுக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தார். வயதில் அவள் அவருக்கு மகள் மாதிரி. மனைவி போன துக்கத்தில் படுத்துவிட்டவரை எழுப்பி நடமாட வைத்தவள் என்பதால், அவளையே குருவாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

“என்னய்யா, முகம் இப்படிக் கெடக்கு?”

“ரூம் கூட்டுற செபஸ்தியும் நின்னுட்டாம்மா. காலையில நானே கக்கூஸ் கழுவுனேன். யாருக்கும் உடம்பு வளையல. ரேஷன் அரிசி இருக்கையில எதுக்கு உழைக்கணும்?”

“அவளுக்குக் குடுத்த சம்பளத்தை எனக்குக் குடுங்க. நான் வர்றேன்.”

“அம்மா!” அய்யாத்துரை பதறி எழுந்தார்.

“இங்கேருந்து தெனம் வர முடியாது. அந்தச் சம்பளத்துக்குள்ள ஊருக்குள்ள ஒரு வீடு பாருங்க. சோத்துக்கும் மிச்சம் வேணும்.”

குரு சொல்லைத் தட்ட முடியுமா? சந்து சந்தாக ஏறி இறங்கினார். குடித்தனம் இருந்த வீடுகளின் வாசலிலெல்லாம் இப்போது ஹோம்ஸ்டே போர்டு.

“மாச வாடகையா? தெனவாடகைக்கே ஆளு நிக்குது” என்றாள் ஒருத்தி, பாதிக் கதவைச் சாத்திக்கொண்டே.

கடைசியில், லாட்ஜுக்குப் பின்னாலிருந்த தன் லைன் வீடுகளின் முன்னால் வந்து நின்றார். போன வருஷம் செபஸ்தி குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்லி, பெயின்ட் அடித்து, காட்டேஜ் ஆக்கியவை. அதன் பிறகு அவள் வத்தலகுண்டிலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்கே சரியாய்ப் போகிறது என்று ஒருநாள் சொன்னாள். இவர் போனில் பேசியபடியே தலையாட்டினார்.

மறுநாள் குடிலுக்கு வந்தவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“வீடு கெடைச்சுதா?”

“இல்லம்மா. முன்ன செபஸ்தி இருந்த வீடு, இப்ப என் காட்டேஜா இருக்கு. நீங்க சும்மாவே தங்கிக்கலாம்.”

“செபஸ்திக்குச் சும்மாவா குடுத்தீங்க?”

“வாடகைக்குத்தாம்மா.”

“அவ மாசச் சம்பளத்துக்கு இப்ப அங்க எத்தனை நாள் தங்கலாம்?”

“சீசன்ல… நாலு நாள்.”

பூரணி எழுந்தாள். கொடியில் கிடந்த மாற்றுப் புடவையை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

“சரி, வர்றேன். அஞ்சாம் நாளுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க.”